வெசனத்துக்கு நான் கொடுத்த சர்க்கரை

டாக்டர், என் வீட்டுக்காரரை ஆறு வருடம் மாதம் தவறாமல் உங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு தடவைகூட நீங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சர்க்கரை எண் எழுதுகிற நோட்டைப் பார்த்தீர்கள், காலைப் பார்த்தீர்கள், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

உங்கள் பேரை நான் எழுதவில்லை. அவர் பேரையும் எழுதவில்லை. என் பேர் யாருக்கு வேண்டும். கோயமுத்தூரில் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மற்றவர்கள் என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம். படித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கும் தெரிந்துவிடும். நடந்ததை இனி எல்லோருக்கும் சொல்கிறேன், அதனால் உங்களை வெறும் டாக்டர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், காயில் என்பார்கள், அதைச் சுற்றுகிற வேலை எனக்கு. கணபதியில் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே நாங்கள் ஏழு பெண்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற செம்புக் கம்பி ஏறும். வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்று குறைந்தால் மோட்டார் சூடாகித் திரும்பி வரும், திட்டும் கூடவே வரும். தொண்ணூறுகளில் பாதி வருடங்கள் நான் எண்ணிக்கையைத் தவறவிட்டுத் திட்டு வாங்கினேன். ஏன் என்று கேட்டவர்களிடம் வீட்டில் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்காரர் ஃபவுண்டரியில் மோல்டர். பெட்டியில் கறுப்பு மண்ணை இடித்து இறுக்கி, அதில் அச்சுப் பதித்து, உருக்கின இரும்பை ஊற்றுகிற வேலை. உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டங்களில் கூலிக்கு நின்ற குடும்பம் அவருடையது. அவர் அப்பா தோட்டத்துக்காரர் எதிரில் துண்டை இடுப்பில் கட்டி, கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பாராம். மகனோ, இந்த அச்சை அவர் எடுத்தால்தான் சரியாக வரும் என்று முதலாளியே கொட்டகைக்குள் தேடி வருகிற ஆள். அதில் அவருக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே. சாயங்காலம் மூஞ்சியெல்லாம் கரியோடு வீட்டுக்கு வருவார். எங்கள் பெண், கரிச்சட்டி வந்துருச்சு என்று கத்துவாள். அந்தக் கரிக் கையோடு அவள் கன்னத்தில் தடவ அவர் துரத்துவார். லைன் வீட்டில் ஐந்து குடித்தனத்துக்கும் அந்தச் சத்தம் கேட்கும்.

அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது நாங்கள் பெரிதாகப் பயப்படவில்லை. யாருக்குத்தான் இல்லை என்று சொன்னார்கள். டாக்டரிடம் போனோம்.

அந்த வராந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் ரத்தம் எடுத்துவிட்டு உட்கார வைப்பார்கள். கம்பவுண்டர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அன்றைக்கு ரத்தத்தில் வந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நூற்றி அறுபது, உள்ளே போங்க. அடுத்து இருநூற்றி எண்பது. நூற்றி அறுபது எழுந்தால் எல்லோரும் காலை ஒதுக்கி மரியாதையாக வழி விடுவார்கள். முந்நூறு எழுந்தால், "ஏனுங்க, நேத்து உங்க ஊட்டுல சீர் விருந்துங்களா?" என்று ஒருத்தர் கேட்பார், வராந்தாவே சிரிக்கும். எண்ணுக்குப் பயந்து டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாளும் மோரும் கீரையுமாகக் கிடந்துவிட்டு வருகிறவர்கள் பாதிப் பேர். அதை அங்கேயே ஒருத்தருக்கொருத்தர் சொல்லியும் கொடுப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். நானும் கீரை ஆக்கிப் போட்டிருக்கிறேன்.

உள்ளே போனால் டாக்டர் எழுதிக்கொண்டே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். நல்லா இருக்கறனுங்க என்று இவர் சொல்வார். எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் கேட்டால் வேறு பதில் சொல்லிப் பழக்கமில்லை. வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் நல்லா இருக்கறனுங்கதான். அது டாக்டருக்குத் தெரியாதா? அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. தெரியும். அந்தப் பதில் வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் நாளே எங்களுக்கு ஒரு மஞ்சள் தாள் கொடுத்தார்கள். தமிழில் அச்சடித்தது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன ஆகும் என்று அதில் இருந்தது. வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், காரணமில்லாமல் கோபம் வரும், பேச்சு குறையும், சிலர் அழுவார்கள். உடனே சர்க்கரை கொடுக்கவும், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. அந்தத் தாளில் பொய் ஒன்றும் இல்லை. நான் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நிஜமாகவே நடந்தது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் சைக்கிளைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை நனைந்து, நாக்கு குழறி, சுவரில் சாய்ந்துவிட்டார். நான் நாட்டுச்சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினேன். பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, "ஏம்புள்ள, வாயெல்லாம் இனிக்குது, ஊட்டுல என்ன விசேசம்?" என்று கேட்டார். நானும் பெண்ணும் அழுதுகொண்டே சிரித்தோம். அன்றிலிருந்து சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை நான் முந்தியில் முடிந்துகொண்டே திரிந்தேன். காயில் சுற்றும்போதும் அது இடுப்பில் இருக்கும். அவர் உயிர் என் முந்தியில் இருக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு.

பிறகு கால். ஒரு நாள் உருக்கின இரும்பு தெறித்து அவர் செருப்பு வாருக்குள் விழுந்திருக்கிறது. தோல் கருகுகிற வாசம் வந்திருக்கிறது. "எவன்டா அது, கறி சுடறவன்?" என்று கேட்டுக்கொண்டு நின்றாராம். பக்கத்து ஆள் காட்டித்தான் குனிந்து பார்த்தார். கருகினது அவர் கால்.

காலில் உணர்ச்சி போய்விட்டது, இனி ஃபவுண்டரிக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சொன்னது சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது வருட வேலையை இல்லை என்று சொல்ல அவருக்கு ஆனது, ஒரு கையெழுத்துப் போடுகிற நேரம். அடுத்த எண்ணைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். இவர் நாற்காலியிலிருந்து எழ மறந்து உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டர் தோளைத் தொட்டு எழுப்பினார்.

முதலாளி நல்லவர், வேலையை விட்டு அனுப்பவில்லை. கேட்டில் போட்டார். காக்கிச் சட்டை, விசில், ஒரு ஸ்டூல். லாரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், கார் வந்தால் எழுந்து நின்று கும்பிட வேண்டும். அவர் கை எடுத்த அச்சில் வார்த்த பம்புகள் அவருக்கு முன்னாலேயே லாரியில் வெளியே போகும். உள்ளே யாரோ ஒரு புது ஆள் மண் இடிக்கிற சத்தம் கேட்கும். முதல் வாரம் வீட்டுக்கு வந்து, எங்கப்பன் நின்னாப்பலயே நிக்கறேன் என்று ஒரு தடவை சொன்னார். மறுபடி அதைப் பேசவில்லை.

அதற்கப்புறம்தான் ஆள் மாறினார். ஓரிடத்தில் உட்கார மாட்டார். வீட்டுக்குள் இருந்தால் மூச்சு முட்டுகிறது என்பார், வெளியே போய் நாலு எட்டு வைத்ததும் வீட்டுக்குப் போகலாம் என்பார். குழாயைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். பெண் பக்கத்தில் வந்தால் எரிந்து விழுவார். அப்புறம் அவள் பள்ளிக்கூடப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை நடுங்கும். வேர்த்துக் கொட்டும். பேச்சு நின்றுபோகும். கண்ணில் தண்ணீர் வரும்.

எல்லாம் மஞ்சள் தாளில் இருந்தது. நான் முந்தியை அவிழ்த்தேன்.

பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்தேன். கேட்டில் கூட இருந்த ஆளிடமும் ஒரு பொட்டலம் கொடுத்துவைத்தேன். வாரத்தில் நாலு நாள், சில வாரம் தினமும், யாராவது ஒருத்தர் அவர் வாயில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டிருந்தோம். அவரும் வாயைத் திறந்தார். ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவார். பார், சர்க்கரை கேட்டுவிட்டது என்று நான் நினைப்பேன்.

எங்கள் ஊரில் அவர் இருந்த நிலைக்கு ஒரு சொல் இருக்கிறது. வெசனம். செத்த வீட்டில், விளைச்சல் போன வீட்டில், பெண்ணைத் திருப்பி அனுப்பின வீட்டில் சொல்வோம், வெசனப்படாதீங்க என்று. எனக்கு அந்தச் சொல் தெரியும். ஆனால் அது தாளில் அச்சாகி இருக்கவில்லை. படித்தவர்கள் கொடுத்த தாளை நம்பினேன். இரண்டு வருடம் நம்பினேன்.

எண் ஏறாமல் என்ன செய்யும். இருநூற்றி அறுபது, இருநூற்றித் தொண்ணூறு, முந்நூறைத் தாண்டியது. வாயைக் கட்ட வேண்டும், திருட்டுத்தனமாகத் தின்கிறீர்கள் என்று டாக்டர் சொன்னார். அடிக்கடி சர்க்கரை இறங்கிவிடுகிறதுங்க என்று நான் சொன்னேன். இறங்கினால் சர்க்கரை கொடுங்கள் என்றார். இரண்டையும் ஒரே நாளில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். முந்நூறுக்கு மேல் நிற்கிற ஆளுக்கு வாரத்தில் நாலு நாள் எப்படி இறங்கும் என்று படிக்காத எனக்குத் தோன்றியிருக்க வேண்டியதில்லை. அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தலையை நிமிர்த்தியிருந்தால் தோன்றியிருக்கும்.

வருடத்துக்கு ஒரு முறை டாக்டர் ஒரு கல்யாண மண்டபத்தில் சர்க்கரை முகாம் வைப்பார். இலவசம். அதில் ஒரு வழக்கம் உண்டு. வருடம் முழுவதும் நோட்டில் எண் நன்றாக இருந்தவரை மேடைக்குக் கூப்பிட்டு, மாலை போட்டு, எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுப்பார். நோட்டு மோசமாக இருப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து நிற்க வேண்டும். சும்மா ஒரு தமாஷ் என்பார்கள். போன வருடம் நின்றவர்கள் இந்த வருடம் மற்றவரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்த வருடம் ஒரு மில்காரர் டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு இறங்கினார். கைதட்டு ஓய்ந்ததும் டாக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் பக்கம் கையை நீட்டினார்.

"அதா, அந்த நீலச் சட்டைங்க. எந்திரிங்க. வெக்கப்படாதீங்க. முந்நூத்தி நாப்பதுங்க இவரு, எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. கால்ல உணர்ச்சி போயும் வாய் அடங்கலீங்க."

மண்டபம் சிரித்தது. ஒரு வார்த்தைக்கு ஒரு ங்க போட்டுத்தான் அடித்தார். எங்கள் ஊர் மரியாதை அதில் குறையவே இல்லை.

ஒரு பையன் மைக்கை இவரிடம் கொண்டுபோய் நீட்டினான். தினமும் என்னதான் சாப்பிடுகிறீர்கள், சொல்லுங்கள், நாங்களும் தெரிந்துகொள்கிறோம் என்று டாக்டர் கேட்டார். இவர் கையைக் கட்டிக்கொண்டார். அவர் அப்பா தோட்டத்தில் நின்றாராமே, அதே மாதிரி. நான் அதைப் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன்.

"தப்புத்தானுங்க" என்றார்.

நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். முந்தியில் பொட்டலம் இருந்தது. எழுந்து, தின்றது அவர் இல்லை, போட்டது நான், உங்கள் தாள் சொல்லித்தான் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இருந்த அம்மா, யாரோட ஊட்டுக்காரரோ, அந்தப் பொம்பளைக்குப் பொறுப்பு இருக்க வேண்டாமா என்று என்னிடமே சொன்னாள். நான் ஆமாங்க என்றேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆமாங்க என்றுதான் சொன்னேன்.

பஸ்ஸில் வரும்போது சீட் காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஸ்டாப் வரும்வரை நின்றுகொண்டே வந்தார்.

எங்கள் தெரு முனையில் ஒரு பாய் சாக்குக் கடை வைத்திருந்தார். பழைய சாக்குகளை வாங்கித் தைத்து மண்டிகளுக்கு விற்பார். அவருக்கும் சர்க்கரை. துபாயில் இருந்த அவர் மச்சான் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். எங்கள் தெருவில் யாரும் அதுவரை பார்க்காத பொருள். முகாம் முடிந்து பத்து நாள் இருக்கும். மதியம் நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். இவர் குழாயடியில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்க நடுங்கியது. சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் முந்தியை அவிழ்த்துக்கொண்டு ஓடினேன். தண்ணீர் பிடிக்க வந்த பாய் குடத்தைக் கீழே வைத்தார்.

"அக்கா, ஒரு நிமிசம் இருங்க. மிசின்ல பாத்துப்போட்டுக் குடுக்கலாம்."

நேரமில்லைங்க பாய், உயிர் போய்விடும் என்று நான் சொன்னேன். அவர் அதற்குள் கடைக்கு ஓடிப்போய் எடுத்து வந்துவிட்டார். விரலைக் குத்தி, துளி ரத்தத்தை அட்டையில் தொட்டார். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருநூற்றி எண்பத்தாறு.

மறுபடி பாருங்க பாய் என்றேன். இன்னொரு விரல். இருநூற்றித் தொண்ணூறு.

"எறங்கலீங்க அக்கா. ஏறித்தான் கெடக்குது." பாய் இவர் முகத்தைப் பார்த்தார். நன்றாகக் குனிந்து பார்த்தார். "மோல்டரு அழுகறாருங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

என் கையில் சர்க்கரை இருந்தது. வேர்வையில் ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குப் புரிய அந்தக் கையைப் பார்த்தால் போதுமாக இருந்தது. பாய் போன பிறகு அவரிடம் கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன், இறங்கவில்லை என்று உங்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் ஏன் வாயைத் திறந்தீர்கள் என்று.

"சக்கர குடுக்கறப்பத்தான் அம்மணி நீ பக்கத்துல உக்காருவ" என்றார்.

அந்த வாரமே இவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் கேட்பதற்கு முந்தி நானே பேசினேன். இவருக்கு வெசனம் பிடித்திருக்கிறதுங்க, அழுகிறாருங்க, சர்க்கரை இறங்கவே இல்லைங்க, மிஷினில் பார்த்தோம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். துபாய் மிஷினையெல்லாம் நம்பாதீர்கள் என்றார். பிறகு பேனாவை மூடாமலே பேசினார்.

"ஒரு நாளைக்கு எம்பது பேரைப் பாக்கறனுங்க. ஒவ்வொருத்தரு வெசனத்தையும் கேட்டுட்டிருந்தா நான் கடையச் சாத்தோணும். மனச தைரியமா வெச்சுக்கச் சொல்லுங்க."

மனசுக்குப் பார்க்கிற டாக்டருக்கு ஒரு சீட்டாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அந்தச் சீட்டு வெளியே தெரிந்தால் நாளைக்கு உங்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா, உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று மாதம் சும்மா இருந்தேன். அந்த மூன்று மாதத்துக்கு டாக்டரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அதை என் வாயில் எடுத்து வைத்தவர் அவர்.

மூன்று மாதம் கழித்துச் சீட்டு இல்லாமலே, டவுனில் மனசுக்குப் பார்க்கிற ஒரு டாக்டரைத் தேடிப் போனோம். எங்கள் ஊர் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று நான் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். அவர் இவரிடம் நாலு கேள்வி கேட்டார். தூக்கம் வருகிறதா, பசி இருக்கிறதா. இவர் முதல் தடவையாக நல்லா இருக்கறனுங்க என்று சொல்லவில்லை. தூக்கமே இல்லீங்க என்று சொன்னார். அதற்குள் அந்த டாக்டர் சர்க்கரை நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். இவ்வளவு சர்க்கரையை வைத்துக்கொண்டு நான் எந்த மருந்தும் தர முடியாது, முதலில் இதைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சர்க்கரைக்காரர் வெசனம் என் வேலை இல்லை என்றார். வெசனத்துக்காரர் சர்க்கரை என் வேலை இல்லை என்றார். என் வீட்டுக்காரர் ஒரே ஆள். அவரைப் பாதியாக வெட்டி ஆளுக்கொரு பாதி கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் காக்கிச் சட்டையைத் துவைக்கும்போது பாக்கெட்டில் ஏதோ மாவாகக் கரைந்து வந்தது. மாத்திரைகள். எத்தனை நாளாகப் போடாமல் சேர்த்தாரோ. சட்டையை அப்படியே கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எதுக்கு அம்மணி. எண்ணு நல்லா வந்தா டிபன் கேரியர் குடுப்பாங்க. அதுல சோறு கட்டீட்டு நான் எங்க போறது?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், கையில் ஒன்றும் இல்லாமல். அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது. அதற்குள் காலில் புண் வந்து, அது தெரியாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். பிறகு பாதிப் பாதம். ஆபரேஷன் ஆன ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தார். சொன்னேனே, கேட்டீர்களா என்றார். நான் கதவு வரை கூடவே போனேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். போயிட்டு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் சாகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், முடிந்த கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட் வேலையும் போய்விட்டது. தினமும் பத்து மணிக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு பாயின் சாக்குக் கடைக்குப் போகிறார். சாக்கு அடுக்கின்மேல் உட்கார்ந்து கிழிசல் தைக்கிறார். அங்கே அவருக்குப் பேர் மோல்டர்தான். சர்க்கரை இருக்கிற இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். நான் ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோனபோது வாசலிலேயே நின்று கேட்டேன்.

"இன்னிக்கு வெசனம் எவ்வளவுங்க மோல்டரே?" என்று பாய் கேட்டார்.

"முந்நூத்திப் பத்துங்க பாய்."

"நேத்தைய விட நாப்பது கம்மி. சரி, ஒரு டீ சொல்றேன். சக்கர இல்லாம."

அவர் சிரித்தார். கரிச்சட்டிச் சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரிப்பு. தூக்கம் இன்னும் சரியாக இல்லை. சில நாள் போகவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். பாய் டாக்டர் இல்லை, மருந்து தர அவரால் முடியாது. மருந்து தர வேண்டியவர்களை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். மாத்திரையை மறுபடி போடுகிறார், எண் இப்போது குறைந்திருக்கிறது, நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த மனசு டாக்டரிடம் போகப்போகிறோம். இந்தத் தடவை முக்காடு போடமாட்டேன்.

போன வாரம் எங்கள் தெருச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்த வருட முகாம், அதே மண்டபம். பொதுமக்களின் கேள்விகளுக்கு டாக்டர் மேடையில் பதில் சொல்வார், கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவும் என்று போட்டிருந்தது. எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்பவுண்டர் நின்றபடியே படித்தார். "இது சர்க்கரயப் பத்தின கேள்வி இல்லீங்களே அம்மணி" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதனால் டாக்டர், அதை இங்கே எழுதுகிறேன். உங்கள் மஞ்சள் தாளில் வேர்வைக்கு இடம் இருந்தது, நடுக்கத்துக்கு இடம் இருந்தது, அழுகைக்குக்கூட ஒரு வரி இருந்தது. சர்க்கரை இறங்காமலும் ஒரு மனிதன் அழுவான் என்று போட ஏன் இடமில்லை? வாரத்தில் நாலு நாள் இறங்குகிறது என்று நான் சொன்ன அன்றைக்கு ஏன் தலை நிமிரவில்லை? ஒரு சீட்டு எழுத உங்களுக்கு என்ன கேடு? வேலை போன ஆளை, தூக்கம் போன ஆளை, நானூறு பேர் நடுவில் நிற்க வைத்து அத்தனை பேரையும் சிரிக்க வைத்தீர்களே, அது எந்த வைத்தியம்?

எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சமாதானம் சொல்ல வேண்டாம். முகாம் அன்றைக்கு நானும் அவரும் முன் வரிசையில் உட்கார்ந்திருப்போம், அவர் அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார். டிபன் கேரியர் கொடுப்பதற்கு முன்னால், மைக்கைப் பிடித்து, அவர் முகத்தைப் பார்த்து, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்லுங்கள்.